8,000 டாலரில் ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் போய்வர முடியுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். டெக்சாஸில் வேலை, பச்சை அட்டை இருக்கிறது, கடவுச்சீட்டு இந்தியக் கடவுச்சீட்டு. சில பருவங்களாக நண்பர்களுடன் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய்ப் பழக்கம். ஒரு தடவையாவது ஆப்பிரிக்காவில் வேட்டையாட ஆசை, அதற்காக 8,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் ‘5 நாள், 5 மிருகம், 2,950 டாலர்’ என்று விளம்பரம் செய்கிறார். அது உண்மையா, ஏமாற்றா, மனைவியையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கடைசிப் பெட்டி உங்கள் வாசலில் வந்து இறங்கும் வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். அதற்கு என்னால் ஓரளவு தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் வேட்டைப் பயணம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் முன்பதிவும் கணக்கும் பார்த்தவன். எந்தத் தோட்டா எந்த மிருகத்துக்கு என்பதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்த சங்கதி. பில் எப்படி வளர்கிறது என்பதை மட்டும் நேரில் பார்த்திருக்கிறேன். கீழே நான் தரும் விலைகள் சந்தையில் வழக்கமாகக் காணும் வரம்புகள். குறிப்பிட்ட பண்ணையில் அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். வேட்டை சரியா தப்பா என்ற சண்டைக்குள் இங்கே போகவில்லை. சட்டப்படி நடக்கும் ஒரு காரியத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே நமக்குக் குற்றம், சிறை என்றுதான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. 1991இல் வந்த ஒரு சட்டத்தின்படி, தகுந்த வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு மிருகங்கள் அந்த நிலக்காரருக்கே சொந்தம். மாடு வளர்த்த பண்ணைகள் பல அப்புறம் இம்பாலா, குடூ போன்ற மான்களை வளர்க்கும் பண்ணைகளாக மாறின. நமீபியாவிலும் பண்ணை உரிமையாளர்களுக்கு இது போன்ற உரிமை அதற்கு முன்பிருந்தே உண்டு. பண்ணைகளுக்குள் போட்டி இருப்பதால்தான் இந்த இரண்டு நாடுகளில் விலை நம் கைக்கு எட்டுகிறது. கென்யாவில் 1977இலிருந்து வேட்டைக்குத் தடை. தான்சானியாவில் அரசு குத்தகைக்கு விட்ட பெரிய காடுகளில்தான் வேட்டை நடக்கும். அங்கே கணக்கு பல பத்தாயிரம் டாலர்களில் தொடங்கும். ஜிம்பாப்வேயும் ஜாம்பியாவும் நல்ல இடங்கள்தான், ஆனால் யானை, காட்டெருமை மாதிரி ஆபத்தான மிருகங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு. உங்கள் பணத்துக்குத் தென்னாப்பிரிக்கா அல்லது நமீபியா, மிருகம் என்றால் புல்வெளி மான் வகைகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி பில். வேட்டைப் பயணத்தின் விலை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று தினக் கட்டணம்: தங்குமிடம், சாப்பாடு, வண்டி, உங்களோடு வரும் தொழில்முறை வேட்டை வழிகாட்டி (எல்லாரும் பி.எச். என்றுதான் சொல்வார்கள்), தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர் எல்லாருக்கும் சேர்த்து. ஒரு வழிகாட்டிக்கு ஒரு வேட்டைக்காரர் என்றால் நாளைக்கு 350 முதல் 500 டாலர், இரண்டு பேர் ஒரு வழிகாட்டியைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 300 பக்கம். இன்னொன்று டிராஃபி கட்டணம்: சுட்ட ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித் தனியாக. இம்பாலா 300 முதல் 500. வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றியும் ஏறக்குறைய அதே விலைதான். பிளெஸ்பாக், ஸ்பிரிங்பாக் மான்கள் 350 முதல் 550. பெரிய மான் வகைகளான நீல வில்டிபீஸ்ட் 900 முதல் 1,300, கெம்ஸ்பாக் 1,000 முதல் 1,400, வரிக்குதிரையும் அந்த அளவில். முறுக்குக் கொம்பு குடூவுக்கு 2,000க்கு மேல், பெரிய கொம்பென்றால் 3,000 வரை. நியாலா, எலாண்ட் மான்கள் எல்லாம் 2,000க்கு மேல்தான். சேபிள் மானைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள்.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு நிறுவனத்தின் குணத்தையே சொல்லிவிடலாம். தினக் கட்டணம் ரொம்பக் குறைவு, டிராஃபி கட்டணம் வழக்கம்போல என்றால் அவர்கள் சம்பாதிப்பது நீங்கள் சுடுவதில்தான். வழிகாட்டி உங்களை அடுத்தடுத்த மிருகத்திடம் கூட்டிப்போய்க்கொண்டே இருப்பார். பல நிறுவனங்களுக்குச் சொந்த நிலமே கிடையாது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு மிருகத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, மேலே வைக்கும் லாபத்தில்தான் நடக்கிறது. தினக் கட்டணம் கூட, டிராஃபி கட்டணம் குறைவு என்றால் அவசரப்படுத்த மாட்டார்கள். நாள் கூடினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. ஆகவே ஒன்றிரண்டு மிருகம் போதும் என்கிறவர் குறைந்த தினக் கட்டணம் உள்ள இடத்துக்கும், ஆறேழு வேண்டும் என்கிறவர் டிராஃபி விலை குறைந்த இடத்துக்கும் போவது லாபம். நடைமுறையில் ஆட்கள் நேர்மாறாகச் செய்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 2,950 டாலர் விளம்பரம். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விலைக்கு நேர்மையாக நடத்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருமண மண்டபத்தின் வாடகையைக் கேட்டுவிட்டுக் கல்யாணச் செலவே தெரிந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா, அது போலத்தான் இதுவும். முதலில் அந்த ஐந்து மிருகம் எவை? பெரும்பாலும் ஒரு இம்பாலா ஆண், ஒரு இம்பாலா பெண், ஒரு பிளெஸ்பாக் பெண், ஒரு நரி, ஒரு பபூன் குரங்கு என்று இருக்கும். ஐந்து என்பது எண்ணிக்கைக்குச் சரி; நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் படத்துக்குச் சரியா என்று பாருங்கள். அடுத்தது, 5 நாள் என்பது வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தா? அப்படியென்றால் கையில் மூன்று நாள்தான். வழிகாட்டி தனியா, பகிர்வா? தென்னாப்பிரிக்காவில் 15 சதவீத வாட் வரி உண்டு. சொன்ன விலையில் அது அடங்குமா? ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதற்குத் தனிக் கட்டணமா? ஆறாவது கேள்வி ஒன்று உண்டு, அதை அவரிடம் கேட்க முடியாது, உங்களிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை, வெயில் சாயும் நேரத்தில், முள்மரத்துக்குப் பக்கத்தில் பெரிய கொம்போடு ஒரு குடூ நிற்கும். வழிகாட்டி காதுக்குள் ‘நல்ல ஆண், விலைப் பட்டியலில் 2,400, உனக்கு 2,100’ என்பார். அப்போது வேண்டாம் என்று சொல்வீர்களா?

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பட்ஜெட் உடைவது விளம்பரத்தில் இல்லை, வண்டியில். 3,000 டாலர் பயணத்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது அதைப் போல இரண்டு மடங்கு கட்டுவது எங்கள் அலுவலகத்தில் சாதாரண விஷயம். யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. விலைப் பட்டியல் அறையிலேயே மாட்டியிருக்கும். அதனால் ஒரு யோசனை. கிளம்பும் முன்பே உங்களுக்கு வேண்டிய மிருகங்களை வரிசைப்படி எழுதுங்கள், கடைசி மிருகத்துக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளை முதல் நாளே வழிகாட்டியிடம் கொடுத்து, ‘இதற்குக் கீழே எனக்குக் காட்ட வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். நல்ல வழிகாட்டி அதை மதிப்பார். இல்லை, குடூதான் ஆசை என்றால் மற்ற நான்கையும் விட்டுவிட்டு குடூவும் ஒரு இம்பாலாவும் என்று போங்கள். ஐந்து சின்ன மிருகத்தைவிட அது உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ருசி, விதி இல்லை.

இன்னொரு விஷயத்தில் விதியே இருக்கிறது. ரத்தம் விழுந்தால் பணம் விழும். சுட்ட மிருகம் காயத்தோடு புதருக்குள் போய், இரண்டு நாள் தேடியும் கிடைக்காவிட்டாலும் முழு டிராஃபி கட்டணம் கட்ட வேண்டும். ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இந்த வரி இருக்கும். 1,200 டாலர் கெம்ஸ்பாக் ஒன்று இப்படிப் போனால் உங்கள் கணக்கு அங்கேயே முடிந்தது. நீங்கள் டெக்சாஸில் மேடையில் உட்கார்ந்து, கட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டுப் பழகியிருப்பீர்கள். அங்கே மூன்று கால் குச்சியை நிறுத்தி, அதன் மேல் வைத்து, நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டே சுட வேண்டும். எங்கள் வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: அந்தக் குச்சியை வாங்கி வீட்டிலேயே பழகிவிட்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயம் வெள்ளைவால் மானைவிடச் சற்று முன்னாலும் தாழ்வாகவும், முன்னங்கால் தோள்களுக்கு நடுவே இருக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் தோளுக்குப் பின்புறம் சுட்டால் ஓடிவிடும். கிளம்பும் முன் ஒரு மாதம் குச்சியோடு பயிற்சி எடுப்பதைவிடப் பணத்தை மிச்சப்படுத்தும் வழி எனக்குத் தெரியாது.

துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டுமா என்றால், உங்கள் நிலையில் வேண்டாம். தென்னாப்பிரிக்கக் காவல் துறையின் 520 எண் படிவம், நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம், விமான நிறுவனத்தின் முன் அனுமதி என்று தாள் வேலை நிறைய. ஐரோப்பா வழியாக மாறிப் போனால் அந்த நாட்டு அனுமதி வேறு. பண்ணையில் வாடகைக்கு நாளைக்கு 30 முதல் 75 டாலருக்கு நல்ல ரைஃபிள் கிடைக்கும், தோட்டாவுக்குத் தனிக் காசு. .308 அல்லது .30-06 தோட்டா அளவு என்று கேளுங்கள்; நீங்கள் போகும் மிருகங்களுக்கு அது தாராளம் என்பதில் அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முதல் நாள் குறிபார்த்துப் பழக நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

மிருகம் விழுந்த பிறகு வரும் செலவைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இறைச்சி பண்ணைக்காரருக்கு. இரவு உங்கள் தட்டிலும் கொஞ்சம் வரும், குடூக் கறி பிரமாதமாக இருக்கும், ஆனால் பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சியில் ஒரு துண்டைக்கூட அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. கொம்பு, மண்டையோடு, தோல் உங்களுக்கு. அவற்றை வேகவைத்து, உப்பிட்டு, பூச்சி மருந்தில் முக்கி, பெட்டியில் அடைத்து, கால்நடைச் சான்றிதழ் வாங்கி, விமான சரக்கில் ஏற்ற வேண்டும். நான்கைந்து மிருகத்துக்கு இது 1,000 முதல் 2,500 டாலர் வரை போகும். அமெரிக்காவில் சரக்கை விடுவித்துத் தரும் முகவருக்குச் சில நூறு. பிறகு தோள் வரை தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவதென்றால், அமெரிக்காவில் ஒரு குடூவுக்கு மட்டும் 1,000 டாலருக்கு மேல். தென்னாப்பிரிக்காவில் பாடம் செய்தால் கூலி குறைவு, ஆனால் பெட்டி பெரிதாகி விமானக் கூலி ஏறும். கூட்டிக் கழித்தால் எது மலிவு என்பது மிருகத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. இரண்டு பக்கமும் எழுத்தில் விலை வாங்கிப் பாருங்கள். மண்டையோட்டையும் கொம்பையும் மட்டும் வெளுத்து எடுத்துவருவதுதான் குறைந்த செலவு. எனக்கு அதுவே அழகாகவும் தெரியும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பட்டியலில் சேர்க்கும் மிருகங்களில்தான் சிக்கல் அதிகம். பபூன் சுட நூறு டாலர் கூட ஆகாது, சில பண்ணைகளில் சும்மாவே சுடச் சொல்வார்கள். ஆனால் எல்லாக் குரங்குகளும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால், மண்டையோட்டைக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். ஹார்ட்மன் மலை வரிக்குதிரை, கராகல் பூனை, சிவப்பு லெச்வே மான் எல்லாம் அதே கதை. பிளெஸ்பாக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் நெருங்கிய உறவான பாண்டிபாக்குக்கு அமெரிக்க அரசின் முன் அனுமதியே வேண்டும். பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். வார்ட்ஹாக்குக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காரணமாக அமெரிக்க வேளாண் துறையின் கட்டுப்பாடு உண்டு. அந்தத் துறை அங்கீகரித்த இடத்துக்குத்தான் நேராகப் போக வேண்டும். இம்பாலா, குடூ, கெம்ஸ்பாக், நீல வில்டிபீஸ்ட் ஆகியவற்றுக்கு சைட்டீஸ் அனுமதி தேவையில்லை, வழக்கமான வனவிலங்கு இறக்குமதி அறிவிப்பும் கால்நடைத் தாள்களும் போதும்.

சரி, கூட்டிப் பார்ப்போம். நீங்கள் மட்டும் போகிறீர்கள், 7 நாள், இம்பாலா, பிளெஸ்பாக், வார்ட்ஹாக், நீல வில்டிபீஸ்ட் என்று நான்கு மிருகம், ஒழுங்கான நிறுவனத்தின் தொகுப்பு விலை 4,200 என்று வையுங்கள். டெக்சாஸிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போய்வர விமானம் 1,600 (அட்லாண்டாவிலிருந்து நேர் விமானம் உண்டு, தோஹா வழியும் வரலாம்). ரைஃபிள் வாடகையும் தோட்டாவும் 350. விமான நிலைய வண்டி 300. அன்பளிப்பு 600: வழிகாட்டிக்கு நாளைக்கு 50 முதல் 100 வரை, தடம் பார்ப்பவருக்கு 10, 15, சமையலறை ஆட்களுக்கு ஒரு தொகை. இதில் நிச்சயமான அளவு கிடையாது, நிறுவனத்தையே கேட்டுக்கொள்ளலாம். ஆக 7,050. மீதி 950இல் விசா, காப்பீடு, ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு இரவு, பண்ணைக் குடிச் செலவு எல்லாம் அடங்கும். கவனியுங்கள், இதில் எந்தக் கொம்பும் வீட்டுக்கு வரவில்லை. நான்கு மண்டையோட்டையும் கொண்டுவர இன்னும் 1,800 போட்டால் 9,800. அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: 8,000இல் ஒருவர் போய்வர முடியும், படங்களோடும் நினைவுகளோடும்; அல்லது மிருகத்தை இரண்டாகக் குறைத்து, வார்ட்ஹாக்கை விட்டுவிட்டு, அந்த இரண்டின் மண்டையோட்டோடு. மனைவி வந்தால் அவருக்கு விமானம் 1,600, பார்வையாளர் கட்டணம் நாளைக்கு 150 வீதம் 1,050, மொத்தம் 2,650 கூடும். அவர் வருவதானால் 11,000 சேரும் வரை பொறுங்கள். அவரும் வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற ஆள்தானா, இல்லை கேப் டவுன் பார்க்க ஆசைப்படுகிறவரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பண்ணை அறையில் ஒருவர் தனியாக ஏழு நாள் உட்கார்ந்திருப்பது ரொம்பக் கஷ்டம்.

குறைக்க வேண்டுமென்றால் உண்மையான வழிகள் சில இருக்கின்றன. உங்களைப் போல ஒரு நண்பரைச் சேர்த்து, வழிகாட்டியைப் பகிர்ந்துகொள்வது முதல் வழி. 7 நாளில் சில நூறு டாலர் மிச்சம், ஆனால் முறை வைத்துச் சுட வேண்டும், அதனால் ஒத்துப்போகிற நண்பராக இருக்கட்டும். இரண்டாவது, குறைப்பு வேட்டை. மழை பொய்த்த ஆண்டுகளில் பண்ணைக்காரர்கள் மந்தையைக் குறைக்க இம்பாலாப் பெண், வில்டிபீஸ்ட் பெண் என்று நிறையச் சுட வேண்டியிருக்கும். இம்பாலாவுக்கு 100 முதல் 200 டாலர்தான், கொம்பு கிடையாது, ஆனால் நடப்பதும் பதுங்குவதும் சுடுவதும் அதே. வேட்டைதான் ஆசை, சுவர் அலங்காரம் இல்லை என்றால் இதைவிட நல்ல பேரம் ஆப்பிரிக்காவில் இல்லை. இதைச் சிலர்தான் விளம்பரம் செய்வார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும். மூன்றாவது, யாராவது கடைசி நேரத்தில் ரத்து செய்த தேதி. நிறுவனங்களின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்திருந்தால் ஏப்ரல், மே வாக்கில் இவை வரும். டல்லாஸ் சஃபாரி கிளப் மாதிரி வேட்டைக்காரர் அமைப்புகளின் விருந்துகளில் ஏலம் போகும் ‘நன்கொடைப் பயணங்களை’ மட்டும் கொஞ்சம் யோசித்து எடுங்கள். 1,000 டாலருக்கு 2 பேருக்கு 5 நாள் என்று கிடைக்கும். நிறுவனம் அதை விட்டுக்கொடுப்பது, நீங்கள் அங்கே வந்து கூடுதல் மிருகம் சுடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். கோடு போட்ட தாள் இருக்கிறவருக்கு அது லாபம்.

தென்னாப்பிரிக்காவா, நமீபியாவா? மிருக வகைகள் அதிகம், விலை குறைவு என்றால் தென்னாப்பிரிக்கா. லிம்போபோவில் முள்காடு, கிழக்கு கேப்பில் மலையும் திறந்த வெளியும். கிழக்கு கேப்பில் மலேரியா கிடையாது. லிம்போபோவில் வாட்டர்பெர்க் மலைப் பக்கம் பயமில்லை, வடக்கிலும் கிழக்கிலும் எல்லையோரத் தாழ்நிலத்தில் மாத்திரை வேண்டும். நமீபியாவில் பண்ணைகள் பரந்து கிடக்கும், வகைகள் குறைவு, ஆனால் கெம்ஸ்பாக்குக்கும் குடூவுக்கும் அது நல்ல ஊர். நடந்து தேடுகிற வேட்டை வேண்டுமென்றால் அங்கேதான் போகச் சொல்வேன். நமீபியாவில் பிப்ரவரி முதல் நவம்பர் வரை பருவம். இரண்டு நாட்டுக்கும் நல்ல காலம் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை: புல் காய்ந்து மிருகம் கண்ணில் படும், கொசு குறைவு. அங்கே அது குளிர்காலம் என்பதை மறக்காதீர்கள். திறந்த வண்டியில் விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் டெக்சாஸ் சட்டை போதாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர் வேட்டையாட வேண்டுமென்றால், பதிவு பெற்ற நிறுவனம் ஏற்பாடு செய்து, பதிவு பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். இரண்டு பதிவு எண்களையும் எந்த மாகாணத்துக்கு என்பதையும் கேளுங்கள். தயங்கினால் அதோடு விட்டுவிடலாம். நிலம் எத்தனை ஹெக்டேர், மந்தை அங்கேயே பெருகுவதா அல்லது வேட்டைக்கு முந்தைய வாரம் லாரியில் வந்து இறங்குவதா என்று நேராகவே கேளுங்கள். எத்தனை ஹெக்டேருக்கு மேல் ‘நிஜமான’ வேட்டை என்பதற்கு ஒத்துக்கொண்ட அளவு எதுவும் இல்லை. அடர்ந்த காட்டில் 2,000 ஹெக்டேர் பெரிதாகத் தெரியும், திறந்த புல்வெளியில் சிறிதாகத் தெரியும். முன்பு போனவர்களின் தொடர்பு கேட்கும்போது, நினைத்த மிருகம் கிடைக்காமல் திரும்பியவர் ஒருவரின் தொடர்பையும் கேளுங்கள். கிடைக்காதவரை எப்படி நடத்தினார்கள் என்பதில் நிறையத் தெரியும்.

சில ஆயிரம் டாலருக்குப் பெண் சிங்கம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது கூண்டில் வளர்த்த சிங்கம். அதன் தோலையோ மண்டையோட்டையோ அமெரிக்காவுக்குள் கொண்டுபோக 2016இலிருந்து அனுமதி கிடைப்பதில்லை. இந்தத் தொழிலை மெல்ல மூடுவது என்பதே தென்னாப்பிரிக்க அரசின் கொள்கையும். வழிகாட்டிகளின் சங்கமே 2017இல் இந்த விஷயத்தில் இரண்டாக உடைந்தது. கூண்டுச் சிங்கத்தை விற்கிற நிறுவனம் மற்ற மிருகங்களிலும் எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குள்ள சந்தேகம்; நிரூபிக்க முடியாது, ஆனால் என் பணமாக இருந்தால் அங்கே போட மாட்டேன்.

முன்பணம் பாதி கேட்பார்கள், அது வழக்கம். ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கணக்கு எண் கடைசி நேரத்தில் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் போன் செய்து கேட்காமல் ஒரு காசும் போடாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் அவசர விமான ஊர்தியும் அடங்கட்டும்; பண்ணையிலிருந்து நல்ல மருத்துவமனை மூன்று மணி நேரம் இருக்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா தேவை, பச்சை அட்டை இருந்தாலும்தான். தென்னாப்பிரிக்க விசாவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், நாள் இழுக்கலாம். அதனால் நிறுவனத்திடம் தேதியை மாற்ற முடியும் என்று எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். விசா கையில் வந்த பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.